சாந்து வைக்காத வீடு

வீத்தோ குனிந்து கல்வீட்டுக்குள் நுழைந்தார். வலது பக்கச் சுவரில் இரண்டு கற்களுக்கு நடுவே சுட்டுவிரலை வைத்தார். வழக்கமாக அந்த இடுக்கில் அவருடைய விரல் முதற் கணு வரை உள்ளே போகும். அன்று நகத்தோடு நின்றுவிட்டது.

விரலை எடுத்து முகர்ந்து பார்த்தார். அடுத்த இடுக்கில் வைத்தார். அதற்கு அடுத்ததிலும் வைத்தார். அப்படியே சுவரைத் தடவிக்கொண்டு ஒரு சுற்று வந்து மறுபடி வாசலில் நின்றார். மொன்றியலுக்குக் கலியாணத்துக்குப் போய் வந்த உடுப்பை அவர் இன்னும் மாற்றவில்லை. கறுப்புச் சப்பாத்தில் சாம்பல் நிறத் தூள் படிந்திருந்தது.

“ஆர் செய்தது?”

“நான்தான். உங்களுக்கு உதவியா இருக்கட்டும் எண்டு” என்றேன். உண்மையை எழுதவேண்டும்: அப்படிச் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

அவர் திரும்பித் தோட்டத்துக்குப் போனார். குழாயைத் திறந்து தக்காளிப் பாத்திக்குத் தண்ணீர் விடத் தொடங்கினார். கலியாண உடுப்போடு, ஒவ்வொரு செடியாக, கடைசிச் செடி வரைக்கும்.

இந்தத் தொடரில் நான் செய்த நல்ல காரியங்களை மட்டும் எழுதி வருகிறேன் என்று என் மனைவி சரசு குறை சொல்கிறாள். இந்தக் கிழமை அந்தக் குறை தீரட்டும். அந்த நாட்களின் திகதி, நேரம், வெப்பநிலை எல்லாம் என் நாட்குறிப்பில் இருக்கின்றன. “உங்கட டயரியை அப்பிடியே அச்சடிச்சா வாசிக்கிறதுக்கு ஆள் பிடிக்க வேணும்” என்கிறாள் அவள். ஆகவே அவற்றை விட்டுவிடுகிறேன். நாங்கள் ரொறொன்ரோவுக்கு வந்த பின் வந்த இரண்டாவது கோடை என்று வைத்துக்கொண்டால் போதும்.

கீழே நாங்கள், மேலே அவர்கள்

சென் கிளேர் வீதிக்கு வடக்கே, இத்தாலியர்கள் நிறைந்த ஓர் ஒழுங்கையில் நாங்கள் வாடகைக்கு இருந்த பேஸ்மென்ற், அதாவது நிலக்கீழ் வீடு, இருந்தது. கையை உயர்த்தினால் கூரை தட்டும். யன்னல் நில மட்டத்தில் இருந்தது. அதன் வழியே பார்த்தால் தக்காளிச் செடிகளுக்கு நட்ட தடிகளும், அவற்றினூடே நடக்கும் வீத்தோவின் சப்பாத்துகளும் தெரியும். ஆளின் மனநிலையை அந்தச் சப்பாத்துகளைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்பாள் சரசு.

மேலே இருந்த வீட்டுக்காரர் வீத்தோ, இந்த நகரத்தில் முப்பது வருடம் மேசன் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவி நூன்சியா. தக்காளிக் காலத்தில் ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் எங்கள் வாசற்படியில் வீத்தோ ஒரு கூடையை வைப்பார். தக்காளி, போஞ்சி, சில நேரம் ஒரு பூசணிப் பூ. கதவில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விடுவார். நாங்கள் திறக்கும்போது ஆள் இருக்காது.

கூடையை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது எங்கள் வழக்கம் அல்ல. சரசு அதில் உழுந்து வடை வைத்து அனுப்புவாள். வடையில் எதற்கு ஓட்டை என்று நூன்சியா ஒருமுறை கேட்டார். சரியான பதில் எனக்கு இன்றுவரை தெரியாது.

வீத்தோவும் நானும் பேசியது ஆங்கிலத்தில். அவருடையது பாதி, என்னுடையது மீதி. சரசு அவரைப் போல நடித்துக் காட்டும்போது மட்டும் அவர் நல்ல யாழ்ப்பாணத் தமிழ் பேசுவார். நாலு வருடமாக அவள் நடிப்பைக் கேட்டுக் கேட்டு, எனக்கு அவருடைய உண்மையான குரலே அப்படித்தான் நினைவிருக்கிறது. ஆகவே இங்கே அவர் தமிழில் பேசுவார்.

கூம்புக் கூரை

முதற் கோடையில் அவர் தன் ட்றக்கில் தட்டையான சுண்ணாம்புக் கற்களைக் கொண்டுவந்து பின்வளவில் குவித்தார். நடைபாதை போடப் போகிறார் என்று நினைத்தேன். ஒருநாள் எனக்கு ஒரு பழைய படத்தைக் காட்டினார். ஒரு தெரு. இரண்டு பக்கமும் வெள்ளைச் சுவர். ஒவ்வொரு வீட்டுக்கும் மேலே சாம்பல் நிறக் கற்கூம்பு. கடுதாசியைச் சுருட்டிக் கடலைக்காரன் செய்யும் சுருளைக் கவிழ்த்து வைத்தது போல.

“நான் பிறந்தது இதுக்குள்ளதான்” என்றார். “சீமெந்து இல்லை, சுண்ணாம்புச் சாந்து இல்லை. கல்லுக்கு மேல கல்லு. வேற ஒண்டும் இல்லை.”

இத்தாலியின் தெற்கில் அவர்கள் ஊர் முழுவதும் அப்படித்தானாம். ட்ருல்லோ என்பது அந்த வீட்டின் பெயர். இப்போது அவற்றை அரசாங்கம் பாதுகாக்கிறது. எழுத்தில் அனுமதி இல்லாமல் ஒரு யன்னலைக்கூடப் பெரிதாக்க முடியாது.

“அம்மா கோழி அடைச்ச இடத்தை இப்ப ஆக்கள் வந்து படம் பிடிச்சுக்கொண்டு போகினம். அந்தக் கோழியளுக்குத் தெரிஞ்சிருந்தா இன்னும் கொஞ்சம் வடிவா நடந்திருக்கும்.”

சாந்து வைக்காததற்கு ஒரு கதையும் சொன்னார். முந்தின காலத்தில் நிரந்தர வீட்டுக்கு வரி உண்டு. அரசனின் அதிகாரி வருகிறான் என்று செய்தி வந்தால், அந்த ஊர்ப் பிரபு கூரை உச்சிக் கல்லைக் கழற்றச் சொல்வானாம். கூரையைச் சரித்துவிடுவார்கள். அதிகாரி வந்து பார்த்தால் கற்குவியல்தான் கிடக்கும். அவன் போனபின் அதே கற்களை எடுத்து மறுபடி கட்டுவார்கள்.

“நிக்கவும் வேணும், கழட்டவும் வேணும். அதுதான் வீடு” என்றார்.

இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டு நாட்குறிப்பில் எழுதினேன். எழுதியதன் பொருள் எனக்கு விளங்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

வீத்தோவின் ஊர்க்காரருக்கு இங்கே ஒரு சங்கம் இருந்தது. நகரத்துக்கு வடக்கே அவர்களுக்கு ஒரு பிக்னிக் வளவும் இருந்தது. தங்கள் ஊரின் அடையாளமாக ஒரு ட்ருல்லோவை அங்கே நிறுத்த வேண்டும் என்று பல வருடமாகப் பேசி வந்தார்கள். கொங்கிறீற்றில் கட்டி மேலே கல் ஒட்டினால் போதும், கனடாக் குளிருக்குச் சாந்து இல்லாத வீடு நிற்காது என்று தலைவர் சொன்னார். வீத்தோ கூட்டத்தில் எழுந்து, அப்படியென்றால் பிளாஸ்ரிக்கிலும் செய்யலாமே என்று சொல்லிவிட்டு வெளியேறினாராம். பின்வளவில் அவர் கட்டத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். சாந்து இல்லாமல் ஒரு குளிர்காலம் நிற்கும் என்று தன் ஊர்க்காரருக்குக் காட்டவேண்டும். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

சனி ஞாயிறுகளில் நான் கல் எடுத்துக் கொடுத்தேன். இரட்டைச் சுவர், நடுவே சிறு கற்கள். கீழ் வரிசையில் இரண்டு கல் சேரும் இடத்தை மேல் வரிசைக் கல் மூடவேண்டும். தோளுயரத்துக்கு மேல் ஒவ்வொரு வளையமும் கீழ் வளையத்தைவிட இரண்டு விரல் உள்ளே வரும். உச்சியில் ஒரே ஒரு கல் எல்லாவற்றையும் பூட்டும். முதற் குளிர்காலத்தில் சுவர் மட்டும் நின்றது. அடுத்த கோடை நடுவில் கூம்பும் முடிந்தது. வெளியே வெயில் எரிந்தாலும் உள்ளே ஈரமான மண் வாசனையும் குளிர்ச்சியும் இருந்தன. ஒரு ஆள் படுத்துக் கால் நீட்டலாம்.

சரசு வெளியே நின்று தலையை மட்டும் உள்ளே நீட்டினாள். “எங்கட ஊரில கல்வீடு எண்டா சீமெந்து வீடு. இது கல்லு. வீடு எங்க?” என்றாள்.

நகர்ந்துபோன மதில்

கொஞ்சம் பின்னால் போகவேண்டும். ஊரில் நான் நில அளவைக் கந்தோரில் படவரைஞராக இருந்தேன். பதினெட்டு வருடம்.

எங்கள் தீவுப் பகுதியிலும் சாந்து இல்லாத மதில்கள் உண்டு. கடற்கரையில் எடுக்கும் முருகைக் கற்களை இடுப்பளவுக்கு அடுக்கி எல்லை வைப்பார்கள். ஒருமுறை அங்கே இரண்டு அயலவருக்கு எல்லைத் தகராறு. நான் போய் அளந்து, மதிலை எல்லையாகக் குறித்துப் படம் வரைந்து கொடுத்தேன். ஆறு மாதம் கழித்து மறுபடி அழைப்பு வந்தது. மதில் முன்பு போலவே நின்றது, ஆனால் ஒன்றரை அடி தெற்கே. ஒருவர் திருவிழாவுக்குப் போயிருந்த நாலு நாளில் மற்றவர் கல்லைக் கழற்றி அதே ஒழுங்கில் அடுக்கியிருந்தார். பாசி படிந்த பக்கத்தைக்கூடச் சரியாக வைத்திருந்தார்.

“மதில் தன்ர காலால நடந்து போச்சுது எண்டு எழுதப்போறியளோ?” என்று கல்லை நகர்த்தியவர் என்னைக் கேட்டார். என் படம் பிழை என்று பதிவானது. அன்றிலிருந்து, சாந்து வைக்காத சுவர் சுவரே அல்ல என்பது என் மனதில் ஒரு விதியாகவே இருந்துவிட்டது.

கடிதம்

கூம்பு வேலிக்கு மேலே தெரிந்தது. நகரசபை அலுவலர் ஒருவர் ஓகஸ்ட் மாதத்தில் வந்து பார்த்தார். மரியாதையான மனிதர். குனிந்து உள்ளே போய், நிமிர்ந்து கூரையைப் பார்த்து, தொப்பியைக் கழற்றிவிட்டு வெளியே வந்தார்.

ஒரு கிழமையில் கடிதம் வந்தது. வீத்தோ அதைத் திறக்காமல் என்னிடம் தந்தார். அவர் வீட்டு ஆங்கிலக் கடிதங்களை வாசித்துச் சொல்வது என் வேலை. அனுமதி இல்லாத கட்டடம். சுவரில் சாந்து இல்லை. ஒரு பொறியியலாளரைக் கொண்டு பாதுகாப்பானது என்று உறுதி செய்து அனுமதி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் செப்டெம்பர் முடிவதற்குள் அகற்ற வேண்டும். இது உரிமையாளருக்கும் குடியிருப்போருக்கும் அறிவித்தல்.

“சரி” என்றார் வீத்தோ. “மொன்றியல் கலியாணத்துக்குப் போறம். சங்கத் தலைவற்ற மகளுக்குத்தான் கலியாணம். போய் வந்தா எல்லாம் சரியாகும். நீ பயப்பிடாத.”

அவருக்கு அது ஒரு கடிதம். எனக்கு அப்படி இல்லை. செப்டெம்பர் நடுவில் எங்கள் அகதி விண்ணப்பத்துக்கு விசாரணை இருந்தது. அந்தக் கடிதத்தில் எங்கள் விலாசம் இருந்தது. குடியிருப்போர் என்றால் நாங்கள். ஓர் அரசாங்கக் கோவையில் என் விலாசம் பிழையான காரணத்துக்காகக் கிடந்தால் என்ன நடக்கும் என்பதை எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு யாரும் எனக்குப் படிப்பிக்கத் தேவையில்லை. இரண்டு அலுவலகங்களும் ஒன்றோடொன்று பேசாது என்று எனக்கு அப்போது தெரியாது. எங்கள் ஊரில் பேசும்.

கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். நாலாம் தரம், “சாந்து இல்லை” என்ற வரி மட்டும்தான் என் கண்ணில் பட்டது.

ஒன்றுக்கு நாலு

அவர்கள் வெள்ளிக்கிழமை புறப்பட்டார்கள். சனிக்கிழமை காலையில் நான் கராஜுக்குள் போனேன். வீத்தோவின் சீமெந்துப் பைகள் ஒரு மூலையில் இருந்தன.

சரசு வாசலில் நின்றாள். “இஞ்சேருங்கோ, அந்த மனுசன் இல்லாத நேரத்தில அவற்ற வீட்டில கை வைக்காதேங்கோ.”

“அவருக்கு உதவிதானே செய்யிறன்.”

“உதவி எண்டா கேட்டிட்டுச் செய்யுங்கோ.”

“கேட்டா வேண்டாம் எண்டுதான் சொல்லுவார்.”

“அப்ப உங்களுக்கே தெரியுது” என்றாள்.

ஒரு பங்கு சீமெந்து, நாலு பங்கு மணல். அளந்து கலந்தேன். உட்புறச் சுவரில், தரையிலிருந்து தோளுயரம் வரை, ஒவ்வொரு இடுக்கையும் அடைத்தேன். கரண்டியால் அழுத்தி, ஈரச் சாக்கால் துடைத்து, மட்டம் செய்தேன். இரண்டு பகல் எடுத்தது. ஞாயிறு பின்னேரம் பார்த்தபோது, படத்தில் கோடு போட்டது போல இருந்தது. பதினெட்டு வருடத்தில் நான் வரைந்த எந்தப் படமும் அவ்வளவு துப்புரவாக வந்ததில்லை என்று நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். அந்த வரியை இன்னும் அழிக்கவில்லை.

திங்கட்கிழமை வீத்தோ வந்தார். விரலை வைத்துப் பார்த்தார்.

அவர் மொன்றியலில் என்ன செய்தார் என்பதை அன்று மாலை நூன்சியா சரசுவிடம் சொன்னார். கலியாண வீட்டில் வீத்தோ தலைவரைச் சம்மதிக்க வைத்திருந்தார். செப்டெம்பர் மூன்றாம் ஞாயிறு சங்கத்து ஆட்கள் வந்து பார்ப்பார்கள். திருப்தி என்றால், வீட்டைக் கழற்றிப் பிக்னிக் வளவுக்குக் கொண்டுபோய் மறுபடி கட்டலாம். அங்கே காட்சிக்கு நிற்கும் சின்னக் கட்டடத்துக்கு வளவு இருந்த ஊர்க் கந்தோர் சம்மதித்திருந்தது. நகரசபை சொன்ன நாளுக்கு முன்னரே பின்வளவு வெறுமையாகிவிடும்.

கழற்றுவதற்காகவே கட்டிய வீடு. அதைத்தான் நான் ஒட்டி வைத்திருந்தேன்.

கூடை வராத சனி

அந்தச் சனிக்கிழமை கதவில் தட்டல் கேட்கவில்லை. பத்து மணிக்குச் சரசு கதவைத் திறந்து பார்த்தாள். படி வெறுமையாக இருந்தது.  வடைக்கு ஊறப்போட்ட உழுந்தைத் தோசைக்கு அரைத்தாள்.

யன்னலில் வீத்தோவின் சப்பாத்துகள் தெரிந்தன. எங்கள் பக்கம் வரும்போது அவை திரும்பிவிட்டன. மன்னிப்புக் கேட்க இரண்டு முறை மேலே போனேன். இரண்டு முறையும் நூன்சியா கதவைத் திறந்து, “நித்திரை” என்றார். காலை பதினொரு மணிக்கு.

அடுத்த சனியும் கூடை வரவில்லை. வேறு வீடு பார்க்க வேண்டும் என்று சரசுவிடம் சொன்னேன்.

“வீடு மாறினா விலாசம் மாறும். விசாரணைக்கு முதல் விலாசம் மாறலாமோ?” என்று கேட்டாள். பிறகு, “அதைவிட, கல்லை ஒட்டினது நீங்கள். ஒட்டினதைப் பாத்துக்கொண்டு இருங்கோ” என்றாள்.

மறுபடி கலியாண உடுப்பு

விசாரணை நாள் காலை, கோவையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சரசுவும் நானும் வெளியே வந்தோம். ட்றக் இயங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் வீத்தோ. அதே கறுப்பு உடுப்பு, துடைத்த சப்பாத்து.

“ஏறுங்கோ” என்றார்.

விசாரணை நாளைச் சரசு நூன்சியாவுக்கு முன்பே சொல்லியிருந்தாளாம்.  நாங்கள் உள்ளே இருந்த நாலு மணி நேரமும் அவர் வெளியே நடையில் ஒரு கதிரையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். யாராவது வந்து இவர்கள் எப்படிப்பட்ட ஆட்கள் என்று கேட்டால் சொல்லத்தானாம் அந்த உடுப்பு. யாரும் கேட்கவில்லை.

திரும்பும்போது, சிவப்பு விளக்கில் நின்ற நேரம், அவர் முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

“என்ர கல்வீட்டைப் பற்றிக் கேட்டவையோ?”

“இல்லை.”

“பிறகேன் செய்தாய்?”

அப்போதுதான் சொன்னேன். கடிதத்தில் எங்கள் விலாசம் இருந்ததை. குடியிருப்போர் என்ற சொல்லை. ஊரில் அப்படிப்பட்ட கடிதங்களுக்குப் பின்னால் யார் வருவார்கள் என்பதை. நடந்துபோன மதிலையும் சொன்னேன். அது ஏன் அந்த இடத்தில் வந்தது என்று தெரியவில்லை.

விளக்குப் பச்சையாகியும் அவர் ட்றக்கை எடுக்கவில்லை. பின்னால் ஒருவன் கோர்ண் அடித்தான்.

“அப்ப நீ என்ர வீட்டைக் காப்பாத்தேல்லை. உன்ர வீட்டைக் காப்பாத்தியிருக்கிறாய்.”

“ஓம்.”

“அதை அண்டைக்கே சொல்லியிருக்கலாம். உதவி எண்டு சொன்னாய். அதுதான் எனக்குக் கோவம்.” கொஞ்ச தூரம் ஓட்டினார். “அந்த மதிலை நகத்தினவன் நல்ல மேசன். பாசி பாத்து வைச்சிருக்கிறான்.”

சரசு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று முதலில் நினைத்தேன்.

முப்பத்தொரு கல்

மூன்றாம் ஞாயிறு சங்கத்திலிருந்து ஐந்து பேர் வந்தார்கள். நான் வாசலில் நின்று, சீமெந்து வைத்தது நான், வீத்தோவுக்குத் தெரியாமல் வைத்தேன் என்று சொன்னேன். தலைவர் உள்ளே பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“வீத்தோ, உன்ர வாடகைக்காரனே உந்தச் சுவரை நம்பேல்லை.”

“மேலே பார். கூரையில ஒரு பிடி சீமெந்தும் இல்லை” என்றார் வீத்தோ. வந்தவர்களில் ஓர் இறைச்சிக்கடைக்காரர் இருந்தார். நல்ல உடம்பு. வீத்தோ ஏணியைச் சாத்தி, “உச்சியில ஏறி நில்” என்றார். மனிதர் முதலில் மறுத்தார். பிறகு சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு ஏறினார். உச்சியைக் கட்டிப்பிடித்தபடி நின்று, அங்கிருந்து நாலாவது வீட்டு முற்றத்தில் யார் துணி காயப்போட்டிருக்கிறார்கள் என்று சொன்னார். ஒரு கல்லும் அசையவில்லை.

தலைவர் லேசில் விடுபவர் அல்ல. “கீழே சீமெந்து தாங்குது” என்றார்.

“அப்ப சீமெந்து எடுத்துப்போட்டு உங்கட கண்ணுக்கு முன்னால கட்டுறன். அதே கல்லில.”

செப்டெம்பர் முடியப் பன்னிரண்டு நாள் இருந்தது. கூம்பிலிருந்து தொடங்கிக் கழற்றினோம். ஒவ்வொரு கல்லையும் நான் மடியில் வைத்து உளியால் சீமெந்தைத் தட்டி எடுத்தேன். எனக்குப் பக்டறியில் பின்னேர வேலை, காலைகளில் இது. என் கலவை நல்ல கலவை. இலகுவில் விடவில்லை. விரல்கள் மரத்துப்போய், சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டேன். வீத்தோ பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார். உதவி செய்யவில்லை. ஆனால் எழும்பிப் போகவும் இல்லை.

துப்புரவாக்கிய ஒவ்வொரு கல்லிலும் சோக்கட்டியால் இலக்கம் எழுதி, நாட்குறிப்பின் பின்பக்கத்தில் அதன் இடத்தையும் குறித்து வைத்தேன். வளவில் கட்டும்போது அவர் அதைப் பார்க்கவே இல்லை. கல்லைக் கையில் எடுப்பார், ஒருமுறை திருப்புவார், தனக்குப் பிடித்த இடத்தில் வைப்பார்.

“அது நூற்றுப் பதினேழு. அதின்ர இடம் வாசலுக்கு இடப்பக்கம்” என்றேன்.

“அதுக்கு அது தெரியாது” என்றார். இலக்கம் எழுதிய பக்கம் எல்லாம் சுவருக்குள்ளே போயிற்று. “வெளியில வைச்சா இது வீடில்லை, தபால் கந்தோர்.”

ஒக்டோபர் நடுவில் உச்சிக் கல்லை வைத்தார். வைக்கும்போது தலைவர் கீழே நின்று, ஒவ்வொரு இடுக்கிலும் விரலை விட்டுப் பார்த்தார். எல்லா இடத்திலும் முதற் கணு வரை போனது. அந்த வீடு அங்கே இன்னும் நிற்கிறது. மூன்று குளிர்காலம் கடந்துவிட்டது.

முப்பத்தொரு கல் மட்டும் மிஞ்சின. அவற்றில் சீமெந்து கல்லோடு கல்லாகிவிட்டது. தட்டினால் கல்லே உடைந்தது. அவற்றுக்குப் பதிலாக வீத்தோ புதுக் கல் வாங்கினார். பழையவை பின்வளவில் ஒரு மூலையில் கிடந்தன. யன்னலைத் திறந்தால் என் கண்ணில் முதலில் படுவது அவைதான். குப்பைக்காரரிடம் கொடுக்க நாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் பக்டறியிலிருந்து வந்தபோது மூலை வெறுமையாக இருந்தது. எங்கள் பேஸ்மென்ற் வாசலுக்குப் பக்கத்தில், முழங்காலளவு உயரத்தில், வீத்தோ ஒரு சின்ன மேடை கட்டிக்கொண்டிருந்தார். சாந்து இல்லாமல். நான் மட்டம் செய்த சீமெந்துப் பக்கங்களை எல்லாம் மேலே பார்க்க வைத்திருந்தார். என் கரண்டி போன தடம் அப்படியே தெரிந்தது.

“இதை ஏன் எல்லாரும் பாக்கிற மாதிரி வைக்கிறியள்?” என்று கேட்டேன்.

அவர் உள்ளங்கையால் மேற்பரப்பைத் தடவினார். “நல்ல மட்டமாச் செய்திருக்கிறாய். கூடை ஆடாது.”

மறுநாள் சனிக்கிழமை. பனி கொட்டப் போகிறது என்று முதல் நாளே எல்லாச் செடிகளையும் பிடுங்கியிருந்தார்கள். காலை எட்டு மணி இருக்கும். கதவில் இரண்டு தட்டு.

நாங்கள் திறந்தபோது ஆள் இல்லை. மேடையில் கூடை நிறையப் பச்சைத் தக்காளி, பழுக்க நேரம் கிடைக்காதவை. காம்பின் மணம் படிக்கட்டு முழுக்க நின்றது. நான் கூடையின் விளிம்பைத் தொட்டு ஒருமுறை மெல்ல அசைத்துப் பார்த்தேன்.

சரசு உள்ளே போய் உழுந்து ஊறப்போட்டாள்.